தோப்புக்குள் மறைந்த தாய்

கடந்த தை மாதத்தில் ஒரு மாலைப்பொழுது எங்கள் தோட்டத்துக் கோயிற் சபையார் மூவர் என் வீட்டுக்கு வந்திருந்தனர். பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கும்பாபிஷேகம் நடைபெறவிருக்கிறது; மலர் ஒன்று வெளியிட வேண்டும்; அதற்குக் கோயில் வரலாறு வேண்டும் என்றனர். "சேர், போன மலர்ல எழுதின மாதிரியே எழுதித் தந்தாப் போதும்" என்றார் தலைவர். தேநீர் கொண்டுவந்து வைத்த என் தாயார் எதுவும் பேசவில்லை. அவர்கள் போனபின், வெறும் கோப்பைகளை எடுத்துக்கொண்டே கேட்டார்: "ஆத்தாள ஆத்துல விட்டுட்டு எவளுக்குத் தம்பி கும்பாபிஷேகம்?"

அந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனதன் விளைவே இன்றைய உரை.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவன் நான். என் சிறுவயதில் எங்கள் கோயில் என்பது ஓர் அரசமரம், அதன் அடியில் முழங்கால் உயரத்தில் நட்ட ஒரு கல், ஒரு சூலம், மேலே நாலு தகரம். அவ்வளவுதான். கல்லுக்கு மஞ்சள் பூசி, வெள்ளியில் கண் வைத்திருப்பார்கள். அதுதான் மாரியாத்தா. கடல் கடந்து வந்த முன்னோர் தம் ஊர்க்கோயிலின் பிடிமண்ணை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, அதன்மேல் நட்ட கல் அது என்று என் அம்மாயி சொல்வாள். பூசாரி, வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளி. தப்பு முழங்கும், கரகம் ஆற்றிலிருந்து வரும், அருள் வந்த பெண்கள் குறி சொல்வார்கள், கடைசி நாளில் கோழி அறுபடும்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் அந்த இடத்தில் கொங்கிறீட் கோயில் எழுந்தது. கருங்கல்லிலே செதுக்கிய அழகிய அம்பாள் விக்கிரகம் வந்தது. மாரியம்மன் என்ற பெயர் ஸ்ரீ இராஜராஜேஸ்வரி அம்பாள் என்று மாறிற்று. பலி நின்றது, தப்பு வாசலுக்கு வெளியே நின்றது, பழைய கல்லோ, கருவறையில் வைக்க ஆகமம் இடந்தராது என்ற காரணத்தால், ஒரு வெள்ளிக்கிழமை அதிகாலையில் ஆற்றிலே விடப்பட்டது. அந்த மலரில், கிராமிய நிலையில் இருந்த வழிபாடு ஆகம நிலைக்கு உயர்ந்த வரலாற்றை நான் விரிவாக எழுதினேன். பட்டதாரி எழுதியது என்று எல்லாரும் பாராட்டினார்கள். அந்தக் கல்லைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

இத்தகைய மாற்றம் எங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை நான் அறிந்துகொண்டது, எதிர்பாராத விதமாக, விவிலியத்தின் பழைய ஏற்பாட்டை வாசித்தபோதுதான். ஒரே கடவுள், உருவமில்லாத கடவுள் என்ற கொள்கையை உலகுக்கு அளித்தவர்கள் இஸ்ரவேலர். அவர்களிடையே ஒரு காலத்தில் பெண் தெய்வம் ஒன்று வழிபடப்பட்டது என்றால் பலர் வியப்படைவர். அந்தத் தெய்வத்தின் பெயர் அசேரா.

1928ஆம் ஆண்டில் சிரியாவின் கடற்கரையோரம், ராஸ் ஷம்ரா என்ற இடத்துக்கு அருகே, நிலத்தை உழுத விவசாயி ஒருவரின் கலப்பையில் பழைய கல்லறை ஒன்றின் கல் தட்டுப்பட்டது. அடுத்த ஆண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் அங்கு அகழ்ந்தபோது உகாரித் என்ற பண்டைய நகரமும், களிமண் பலகைகளில் எழுதிய அதன் நூல்களும் வெளிப்பட்டன. கானானிய மக்களின் தெய்வக் கதைகள் அவற்றில் இருந்தன. எல் என்ற முதுபெரும் கடவுளின் துணைவியாக, எழுபது தெய்வங்களின் தாயாக, அங்கே ஒருத்தி வருகிறாள். அவள் பெயர் அதிராத். எபிரேய மொழியில் அதுவே அசேரா ஆயிற்று.

ஆனால் அவள் அண்டை நாட்டாரின் தெய்வம்தானே, இஸ்ரவேலருக்கு என்ன தொடர்பு என்று கேட்கலாம். அதற்கு விடை, 1975, 1976ஆம் ஆண்டுகளில் சினாய்ப் பாலைவனத்தின் குந்திலெத் அஜ்ருத் என்ற இடத்தில் கிடைத்தது. வணிகரும் வழிப்போக்கரும் தங்கிச் சென்ற அந்தக் கட்டடத்தில் பெரிய மண்சாடிகள் இருந்தன. கி.மு. 800ஐ ஒட்டிய காலத்தவை. அவற்றில் எழுதியிருந்த ஆசி மொழிகள், இஸ்ரவேலரின் கடவுளாகிய யாவேயின் பெயராலும் அவருடைய அசேராவின் பெயராலும் வாழ்த்துகின்றன. எபிரோனுக்கு அருகே ஒரு கல்லறையிலும் இதை ஒத்த எழுத்துக் கிடைத்திருக்கிறது. இங்கே அசேரா என்பது தெய்வத்தையே குறிக்கிறதா, தெய்வத்துக்கு அடையாளமாக நட்ட மரத்தூணைக் குறிக்கிறதா என்பதில் அறிஞரிடையே வாதம் உண்டு. நம்மவருக்கு இவ்வாதம் அவ்வளவு சிக்கலாகப் படாது. நட்ட சூலமும் நட்ட கல்லும் அடையாளமா, ஆத்தாளா என்று எங்கள் அம்மாயியிடம் கேட்டிருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

யூதா நாட்டின் வீடுகளை அகழ்ந்தபோது இன்னொன்றும் கிடைத்தது. தூண் போன்ற உடல், இரு கைகளாலும் மார்பைத் தாங்கிய கோலம், சிறு களிமண் பெண் உருவங்கள், நூற்றுக்கணக்கில் கிடைத்தன. கி.மு. எட்டாம், ஏழாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இவற்றுள் பல சாதாரண மக்களின் வீடுகளில் இருந்தவை. பிள்ளைப்பேற்றுக்கும் பால் சுரப்புக்கும் பெண்கள் இவற்றை நம்பியிருந்தனர் என்று கருத இடமுண்டு.

எருசலேமின் ஆலயத்துக்குள்ளேயே அசேரா இருந்தாள். அரசர்கள் அவளை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தனர். ஆசா என்ற அரசன், அசேராவுக்கு உருவம் செய்ததற்காகத் தன் வீட்டு மூதாட்டியாகிய மாக்காளின் அரசமாதா பதவியையே பறித்தான். மனாசே மீண்டும் அசேராவை ஆலயத்தில் நிறுவினான். முதல் ஆலயம் நின்ற ஏறத்தாழ 370 ஆண்டுகளில் 236 ஆண்டுகள் அவள் அதனுள் இருந்தாள் என்று, எபிரேயப் பெண் தெய்வம் பற்றி 1967இல் நூல் எழுதிய ரபாயேல் பட்டாய் கணக்கிட்டார்.

அவளை முற்றாக வெளியேற்றியவன் யோசியா மன்னன். அந்த வெளியேற்றம் ஒரு திருப்பணியில்தான் தொடங்கியது என்பதைக் கவனியுங்கள். கி.மு. 622 அளவில் ஆலயத்தைப் பழுதுபார்க்கும்போது ஒரு நியாயப்பிரமாண நூல் கண்டெடுக்கப்பட்டது. உபாகமம் என்று நாம் வாசிப்பதன் மூலப்பகுதியே அது என்பர் ஆய்வாளர். பலிபீடத்தின் அருகே அசேரா மரம் நடலாகாது என்ற விதி அந்த உபாகமத்தில் உண்டு. அந்த நூலை வாசிக்கக் கேட்ட அரசன் தன் ஆடையைக் கிழித்துக்கொண்டான். அசேராவை ஆலயத்திலிருந்து எடுத்துக் கீதரோன் பள்ளத்தாக்கில் எரித்துத் தூளாக்கி, அத்தூளைப் பொதுமக்களின் கல்லறைகள்மேல் தூவச் செய்தான். ஆலயத்தின் அருகே அசேராவுக்காகத் துணி நெய்துகொண்டிருந்த பெண்களின் அறைகளும் இடிக்கப்பட்டன. அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்று நூல் சொல்லவில்லை.

ஆனால் அவர்களைப் போன்ற பெண்களின் குரல் ஒருமுறை கேட்கிறது. கி.மு. 586 அளவில் எருசலேம் பாபிலோனியரிடம் வீழ்ந்தது. எகிப்துக்கு ஓடிய அகதிகளை எரேமியா தீர்க்கதரிசி கண்டித்தார். தமிழ் விவிலியம் வானராக்கினி என்று கூறும் தேவியை நீங்கள் வழிபட்டதால்தான் இந்த அழிவு வந்தது என்றார். மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. நாங்கள் அவளுக்குத் தூபங்காட்டிய காலத்தில் வயிறார உண்டோம், சுகமாக இருந்தோம், நிறுத்திய நாளிலிருந்துதான் பட்டயமும் பஞ்சமும் வந்தன என்று வாதிட்டனர். எங்கள் கணவன்மாருக்குத் தெரியாமலா அவளுக்குப் பணியாரம் சுட்டோம் என்று பெண்கள் திருப்பிக் கேட்டனர். அந்த வானராக்கினி அசேராதானா, வேறொரு தேவியா என்பது வேறு விடயம். தெய்வத்தை இழந்த பெண்கள் ஒரு பெரிய தீர்க்கதரிசிக்கு முன்னால் நின்று, எங்கள் கணக்கு வேறு என்று சொன்னார்களே, அதுதான் என் மனத்தில் நின்றது. என் தாயார் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டே சொன்னதும் அதைத்தான்.

இனி, தமிழாசிரியன் என்ற முறையில் என்னைத் திடுக்கிடச் செய்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் வழக்கிலுள்ள பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அசேராவைத் தேடினேன். அவள் பெயர் வரவேண்டிய இடங்களில் தோப்பு என்றும் தோப்பு விக்கிரகம் என்றும் இருந்தது. 1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இப்படியே. பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் அவள் பெயரைத் தெய்வத் தோப்பு என்று கொண்டதன் வழிவந்த வழக்கு அது. யோசியா எரித்த பின்னும் அவள் பெயராவது ஏட்டில் எஞ்சியிருந்தது. மொழிபெயர்ப்பில் அதுவும் மரங்களுக்குள் மறைந்துவிட்டது. அழிப்பதற்கு நெருப்புத் தேவையில்லை, ஒரு சொல் போதும் என்பதை எழுத்தாளர்கள் மனங்கொள்ள வேண்டும். நானும் ஒரு மலரில் அதைத்தான் செய்திருந்தேன்.

இந்த இடத்தில் நம் நாட்டுக்குத் திரும்புவோம். விவிலியத்தைத் தமிழாக்கும் பணியில் பேர்சிவல் பாதிரியாருக்கு யாழ்ப்பாணத்தில் துணைநின்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர். இஸ்ரவேலரின் ஆலயக் கிரியைகளை அவர் துருவிக் கற்றவர். சைவக் கிரியைகளை இகழ்ந்த பாதிரிமாருக்கு அவர்களுடைய வேதத்திலிருந்தே விடையளித்து, 1854இல் சைவதூஷண பரிகாரம் என்ற நூலை வெளியிட்டார். அதே நாவலர் சைவர்களைப் பார்த்து வேறொன்றும் சொன்னார். சிறுதெய்வ வழிபாட்டை விடுங்கள், உயிர்ப்பலியை விடுங்கள், சமணச் சார்புடைய காப்பியமொன்றின் தலைவியாகிய வணிகர் குலப் பெண்ணை, கண்ணகியை, தெய்வமாகக் கொள்வது சைவருக்குத் தகாது என்றார்.

கண்ணகி வழிபாடு நம் நாட்டில் மிகப் பழையது. சேரன் செங்குட்டுவன் பத்தினிக்குக் கோயில் எடுத்தபோது இலங்கை வேந்தன் கயவாகு உடனிருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் கஜபாகுவே அவன் என்பர். யாழ்ப்பாணத்தில் ஊர்தோறும் கண்ணகை அம்மன் கோயில்கள் இருந்தன. நாவலருக்குப் பின்வந்த காலத்தில் அவற்றுள் பல இராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி போன்ற பெயர்களை ஏற்றன. எருசலேமில் தெய்வத்தை எரித்தார்கள். இங்கே பெயர் மாற்றி உயர்த்தினார்கள். கோயில் நின்றது, பூசை நின்றது, விளக்கும் நின்றது. மதுரையை எரித்த அந்தப் பெண்ணின் கதைதான் வெளியே போயிற்று.

நாவலரை ஒரு பக்கமாகக் குறைகூறுவது என் நோக்கமன்று. மிசனரிமார் சைவத்தைப் பேய் வழிபாடு என்று பரிகசித்த காலம் அது. பரிகசிக்க முடியாத ஒரு சைவத்தை அவர் கட்டியெழுப்ப விரும்பினார். யோசியாவும் அசீரியப் பேரரசின் நெடுநாள் நிழலிலிருந்து தன் சிறு நாட்டை மீட்க முனைந்தவன். ஒரு மக்கள், ஒரு கடவுள், ஒரு கோயில் என்பது அவனுக்கு உயிர்வாழும் வழி. அந்நியன் பார்க்கிறான் என்ற உணர்வு வந்ததும் வீட்டிலுள்ளவற்றுள் எதை மறைப்பது என்று தேடுகிறோம். முதலில் கைக்கு அகப்படுபவை பாட்டிமாரின் பொருட்கள்.

ஆனால் எல்லா இடங்களிலும் இப்படி நடக்கவில்லை. மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகி இன்றும் கண்ணகியாகவே இருக்கிறாள். வைகாசியில் சடங்கு நடக்கும். கண்ணகி வழக்குரை பாடப்படும். அவளுடைய சினத்தைத் தணிக்கக் குளிர்த்தி நடைபெறும். அங்கே தாய்வழிக் குடிமுறையும், குடிகளின் பொறுப்பிலுள்ள கோயில் நிருவாகமும், பரம்பரைக் கப்புகனாரின் பூசையும் நிலைத்திருந்தமை இதற்குத் துணைசெய்தன எனலாம். வன்னியில் வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் திரள்கின்றனர். அங்கே கடல் நீரில் விளக்கெரிப்பது மரபு. சிங்கள மக்களிடம் அவள் பத்தினி தெய்யோ ஆனாள். புத்தநிலையை அடையவிருக்கும் தேவியாக உயர்ந்து, கண்டிப் பெரஹராவில் நாத, விஷ்ணு, கதிர்காம தேவாலயங்களோடு தனக்கென ஒரு தேவாலயமும் பெற்றாள். கணநாத் ஒபேசேகர 1984இல் இவ்வழிபாடு பற்றி வெளியிட்ட பெருநூலைப் படிப்போர், ஒரு தமிழ்ப் பெண்ணை இரண்டு இனங்கள் இவ்வளவு காலம் தாயாகக் கொண்டாடியதை நினைந்து பெருமூச்சு விடுவர்.

மலையகத்தின் கதை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தவர்கள் நம் முன்னோர். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர் எத்தனையோ பேர். அவர்களோடு நடந்துவந்த தெய்வம் மாரி. வைசூரியைத் தருபவளும் அவள், தணிப்பவளும் அவள், மழையும் அவள். ஆகமம் அறிந்த குருக்கள் எவரும் அந்தக் காட்டுவழியில் அவர்களோடு நடக்கவில்லை. கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது மக்கள் புதிய தெய்வங்களையும் கண்டார்கள். தொழிற்சாலையின் ரோதையிலே ரோதமுனியைக் கண்டார்கள். கவ்வாத்துக் கத்தி யார் கையையும் வெட்டாதிருக்கக் கவ்வாத்துச்சாமியை வணங்கினார்கள். உலகில் வைசூரி ஒழிந்துவிட்டதாக 1980இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மாரி போகவில்லை. 1948இல் பிரசாவுரிமை பறிபோயிற்று. 1964இன் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் அண்ணன் இங்கும் தம்பி அங்குமாகக் குடும்பங்கள் பிரிந்தன. கப்பலேறுமுன் பலர் கடைசியாக விழுந்து கும்பிட்டது அரசமரத்தடிக் கல்லைத்தான். எங்கள் வாழ்வின் ஆவணம் எந்தக் கந்தோரிலும் முழுமையாக இல்லை. அந்தக் கல்லில் ஓரளவு இருந்தது.

அதை ஏன் ஆற்றில் விட்டோம்? எங்கள் இளைஞர்மீது பழிபோட என்னால் முடியாது. தோட்டக்காட்டான் என்ற சொல்லைப் பள்ளியிலும் பஸ்ஸிலும் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. நகரத்தில் உள்ளதைப் போன்ற கோபுரம் எங்களுக்கும் வேண்டும், குருக்கள் எங்கள் லயத்துக்கும் வரவேண்டும் என்று கேட்டது ஆணவமன்று, மனிதமரியாதைக்கான கோரிக்கை. அந்தக் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கும்போது எனக்கும் நெஞ்சு நிமிரும். ஆனால் நாம் உயர்வதற்கு அவள் இறங்க வேண்டும் என்று எந்த நூலில் எழுதியிருந்தது? தப்படித்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியபோது, எந்த இழிவிலிருந்து தப்ப நினைத்தோமோ அதையே நம்மில் ஒருவருக்குச் செய்துவிட்டோம். குறி சொன்ன பெண்களுக்கு அந்த ஒரு நாளில்தான் ஊர் காது கொடுத்தது. அதுவும் நின்றது. கோழி அறுபடாமற் போனதை நான் வரவேற்கிறேன். அதற்காக மற்ற எல்லாவற்றையும் சேர்த்து ஆற்றில் விட்டிருக்க வேண்டியதில்லை.

சபையார் வந்துபோன மறு ஞாயிறு, "ஏழாம் நம்பர் மலைக்கு என்னயக் கூட்டிட்டுப் போ தம்பி" என்றார் தாயார். முழங்கால் வலியோடு, நின்று நின்று ஏறினார். கொழுந்து மலையின் நடுவே, பாறையோரம், ஒரு கல் நட்டிருந்தது. மஞ்சள் பூசியிருந்தது. முன்னால் வாடிய கொழுந்து ஒரு பிடி கிடந்தது. மலையேறும் பெண்கள் அன்றன்று பறிக்கும் முதற்பிடியை அங்கே வைத்துவிட்டுத்தான் கூடையை நிரப்புகிறார்களாம். "எத்தன வருசமா?" என்று கேட்டேன். "நீ மலர் எழுதின வருசத்துல இருந்து" என்றார். ஆற்றில் விட்ட அதே கல்தானா அது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

யூதா நாட்டுப் பெண்கள் வீட்டு மூலையில் வைத்திருந்த களிமண் பொம்மைகள் என் நினைவுக்கு வந்தன. எருசலேம் விழுந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும், எகிப்தின் எலிபன்டைன் தீவில் வாழ்ந்த யூதர்களின் காணிக்கைக் கணக்கொன்றில், தங்கள் கடவுளோடு, அனாத் என்ற தேவியின் பெயரைத் தாங்கிய ஒரு தெய்வத்துக்கும் பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. தலைநகரில் எரித்ததைத் தீவில் எவரோ காத்து வைத்திருந்தனர்.

இப்போது புதிய மலருக்கு வரலாறு எழுதிக் கொடுத்துவிட்டேன். பிடிமண்ணிலும் கல்லிலும் தொடங்கியிருக்கிறேன். அந்தக் கல்லை ஆற்றில் விட்டதையும், முன்னைய மலரில் அதை நான் மறைத்ததையும் எழுதியிருக்கிறேன். ஏழாம் நம்பர் மலையைப் பற்றி எழுதவில்லை; அது அந்தப் பெண்கள் சொல்ல வேண்டியது. திருவிழாவில் தப்புக்கு வாசலுக்கு உள்ளே இடங்கொடுக்க வேண்டும் என்றும், அரசமரத்தடியில் ஒரு கல் நடுவதற்கு எந்த ஆகமமும் குறுக்கே நிற்காது என்றும் கடைசியில் சேர்த்திருக்கிறேன். தலைவர் வாசித்துவிட்டு, "கூட்டத்துல வச்சிப் பேசிட்டுச் சொல்றோம் சேர்" என்று எடுத்துச் சென்றார். சபையாரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை.